நிமிர்ந்து கிடந்த சட்டிகள்

நீங்கள் யன்னல் பக்கம் இருங்கோ பிள்ளை. நான் இந்தப் பக்கம், மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். இல்லையில்லை, மரியாதைக்குச் சொல்லவில்லை. இந்த ரெயில் இன்னும் நெடுக்கக் கடலோடு ஒட்டிக்கொண்டுதான் போகும். சில இடத்தில் எட்டிப் பார்த்தால் தண்டவாளமே தெரியாது, தண்ணீர்தான் தெரியும். எனக்கு அது ஒத்துக்கொள்ளாது.

நீங்கள் போனில் அம்மாவோடு கதைத்தது கேட்டுத்தான் எழும்பி வந்தேன். சாப்பிட்டேன்மா, சாப்பிட்டேன்மா என்று திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள். சாப்பிடவில்லை என்று எனக்கே விளங்கியது, அம்மாவுக்கு விளங்காதா? இந்தாருங்கோ, ரோல்ஸ். காலையில் பொரித்தது. எடுங்கோ. திருப்பூரா? அங்கே கடல் இல்லைத்தானே. கொடுத்து வைத்தவர்கள்.

நான் லண்டனுக்குப் போகிறேன், அக்கா வீட்டுக்கு. போய் வருவதற்கு இல்லை. அந்தப் பெரிய சூட்கேசைக் கண்டீர்கள்தானே, அதற்குள் என்னுடைய குளிர்கோட்டு இரண்டும் இருக்கிறது. பங்குனி மாதத்தில் குளிர்கோட்டைக் கட்டிக்கொண்டு போகிறவள் திரும்பி வருவாளா? அவருக்கு இன்னும் தெரியாது. தெரியட்டும். எனக்குத் தெரியாமல் அவர் எவ்வளவு செய்தார்.

அவர் என்றால் என் மனுஷன். பேர் செபமாலை. பேரைப் பாருங்கோ. அந்தப் பேரை வைத்துக்கொண்டு பொய் சொல்ல எப்படி மனம் வந்தது என்று நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். என் பேர் பிரகாசி. நாங்கள் மன்னார், பேசாலைப் பக்கம். இங்கே, இந்த வேல்ஸ் கரையில், எங்களுக்கு ஒரு மீன் சிப்ஸ் கடை. கடற்கரையில் கடை வைத்துக்கொண்டு எங்கேயோ பிடித்து ஐசில் வருகிற மீனைப் பொரித்து விற்கிறோம். வெள்ளைக்காரன் வாங்கிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்று சாப்பிடுகிறான். சிரிப்பாகத்தான் இருக்கும், சிரியுங்கோ.

இந்த ஊருக்கு வந்ததே ஒரு பொய்யில்தான். லண்டனில் இருந்தபோது ஒரு நாள் வந்து சொன்னார், மலைநாட்டில் ஒரு கடை மலிவாக வருகிறது என்று. படங்கள் காட்டினார். ஒரு படத்தில் மலை. இன்னொரு படத்தில் செம்மறி ஆடு. இன்னொன்றிலும் மலைதான். நானும் நுவரெலியா மாதிரி என்று நினைத்து, சரி, குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சம்மதித்தேன். நல்ல மழையில் வந்து இறங்கினோம். மறுநாள் காலையில் திரைச்சீலையை விலக்குகிறேன், முன்னால் கடல். வாசல்படி மாதிரிக் கிடக்கிறது. மலை எங்கே என்று கேட்டேன். பின்பக்கம் என்றார்.

அன்றைக்கே நான் வெளிக்கிட்டிருக்க வேண்டும்.

கடலோடு எனக்கு என்ன கோபம் என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பம் முழுக்கக் கடல் தொழில். நான் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டேன், தம்பியை ஒக்கலையில், இடுப்பில் வைத்துக்கொண்டு மீன் காயப்போடப் போனவள். தம்பி பேர் அருளப்பு. வளர்ந்து இவரோடுதான் தொழிலுக்குப் போனான். அத்தான், அத்தான் என்று இவருக்குப் பின்னாலேயே திரிவான். ஒரு நாள் இவர் வந்தார், அவன் வரவில்லை. கல்லுப்பாரில் வள்ளம் அடிபட்டதாம். கல்லுப்பார் என்றால் கடலுக்கு அடியில் நீட்டுக்குக் கிடக்கிற கல்லுத் திடல். மீனும் அங்கேதான் கூடும், வள்ளமும் அங்கேதான் உடையும். அவனுடைய உடம்பு கிடைக்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்குமேல் நான் கேட்கவும் இல்லை, அவரைச் சொல்ல விடவும் இல்லை. கேட்டு என்ன செய்வது?

முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் வைத்து என் தலையில் அவருடைய கையை எடுத்து வைத்தேன். மடு மாதா மேல் சத்தியம் வாங்கினேன். இனி வள்ளத்தில் ஏறமாட்டேன், கடலில் கால் வைக்கமாட்டேன் என்று. சொன்னார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

பிறகு வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, குசினியில் இருந்த சட்டி பானை எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்ததுதான். உங்களுக்கு இது விளங்காது, சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆம்பிளைகள் கடலில் நிற்கும்போது குசினியில் ஒரு பாத்திரமும் கவிழ்ந்து இருக்கக்கூடாது. கழுவினால் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கினாலும் சரி, பல்லி விழுந்தாலும் சரி. வள்ளம் கரையேறின பிறகுதான் கவிழ்க்கலாம். ஏன் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. கவிழ்ந்து கிடக்கிற ஒரு சட்டியைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

அதற்குப் பிறகு எந்த நாட்டில், எந்த அறையில் இருந்தாலும் எனக்கு ஒரே ஒரு நிம்மதி, கழுவின சட்டியைக் கவிழ்த்து வைப்பது. நல்ல சுத்தமாய், தண்ணீர் வடிந்து, வரிசையாய். என் வீட்டில் இனிக் கடலுக்குப் போக ஆள் இல்லை என்று அந்தச் சட்டிகள் சொல்லும். தம்பியின் படத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அவன் பேரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். அழுது அழுது ஒரு குடும்பத்தை நடத்த ஏலுமா? இவரும் கேட்டு நடந்தார். நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

கடைக்கு எம்லின் என்று ஒரு கிழவன் வருவான். சின்ன வள்ளம் ஒன்று வைத்திருக்கிறான், கூடு போட்டுச் சிங்கிறால் பிடிக்கிறவன். அவன்தான் எங்களைக் கெடுத்தது. ஒரு நாள் கடையில் சனம் இல்லாத நேரம், இந்தக் கரையில் கடலுக்கு அடியில் கல்லு வரம்புகள் கிடக்கின்றன, கடல் ஆகக் கீழே வற்றி இறங்குகிற பெரிய வற்று நாளில் வெளியே தெரியும் என்று கதையைத் தொடங்கினான். வேல்ஸ்காரர் அதைச் சார்ன் என்பார்களாம். கரையிலிருந்து தொடங்கிக் கடலுக்குள் மைல் கணக்கில் நேரே போகுமாம். மனுஷர் கட்டினது போலவே இருக்குமாம், ஆனால் கட்டினது ஐசாம். முந்தி ஒரு காலத்தில் இரண்டு பள்ளத்தாக்கில் இருந்து இரண்டு ஐஸ் மலை இறங்கி வந்ததாம். மேசையில் உப்பைக் கொட்டி இரண்டு உள்ளங்கையாலும் தள்ளிக் காட்டினான். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு வரம்பு எழும்பியது. இப்படித்தான், என்றான். ஐஸ் உருகிவிட்டது, தள்ளிவந்த கல்லு அப்படியே கிடக்கிறது, பிறகு கடல் வந்து மூடியது.

நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு உப்பைத் துடைக்கப் போனேன். இவர் என் கையைப் பிடித்தார். கொஞ்சம் பொறு பிரகாசி என்றார். கிழவன் போன பிறகும் அந்த உப்பு வரம்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவரை விலக்கிவிட்டுத் துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் மனுஷன் மாறினது. மாறினது என்றால் கெட்டதாய் இல்லை, நல்லதாய். அதுதான் எனக்குப் பயம். கிழங்கு தோலுரிக்கும்போது வாய்க்குள் ஏதோ முனகுவார். முதுகு நிமிர்ந்து நடப்பார். பதினைந்து நாளுக்கு ஒருதரம், மொத்தக் கடைக்குப் போய்ச் சாமான் எடுத்து வருகிறேன் என்று காலையில் வானை எடுத்துக்கொண்டு போவார். பின்னேரம் வரும்போது குளித்திருப்பார். பிள்ளை, உருளைக்கிழங்கு வாங்கப் போகிற ஆம்பிளை ஏன் குளித்துவிட்டு வருகிறான்? அதுவும் எங்கள் வீட்டுச் சவர்க்காரம் இல்லை. வேறு வாசம்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கும் அதுதான் தோன்றியது.

தபால் கந்தோரில் ஒரு கைம்பெண் இருக்கிறாள், நல்ல சிவப்பாய்ப் பூசிக்கொண்டு. அவள்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். முத்திரை வாங்கப் போய் அவளை மோந்துகூடப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் செய்தேன். அவளிடம் பெப்பர்மின்ட் வாசம்தான் வந்தது.

இன்னொரு கரைச்சலும் சேர்ந்தது. அவர் வெளிக்கிடுகிற அந்த நாட்களில் காலையில் குசினிக்குள் போனால் சட்டியெல்லாம் நிமிர்ந்து கிடக்கும். முந்தின நாள் நான் கவிழ்த்து வைத்தவை. சோற்றுப் பானை, கறிச்சட்டி, தாச்சி, எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு. வயது போகப் போக ஆளுக்குத் துப்புரவு குறைகிறது என்று திட்டிக்கொண்டு, அவருடைய வான் சந்தியில் திரும்புவதற்கு முதலே எல்லாவற்றையும் திரும்பக் கவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். பின்னேரம் வந்து பார்த்தால் மறுபடியும் நிமிர்ந்து கிடக்கும். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா அவருக்குப் பிடிக்கிறதா என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு நெரிஸிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். நெரிஸ் நல்ல மனுஷி, என்னைவிட மூத்தவள். வீட்டுத் திறப்பு, நீங்கள் சாவி என்பீர்களே, ஒன்று அவளிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறேன். அவ்வளவு நம்பிக்கை. அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, உன் மனுஷன் பெண்களைத் திரும்பியும் பார்க்கமாட்டான், என்னை நம்பு என்றாள். அதெப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்டேன். எழும்பிப் போய்ப் பிஸ்கட் எடுத்து வந்தாள்.

போன பறுவத்துக்கு, பௌர்ணமிக்கு, அடுத்த நாள் அவர் வெளிக்கிட்டதும் நானும் வெளிக்கிட்டேன். கடைக்குப் போகவில்லை. ஊருக்குத் தெற்கே ஒரு முனை இருக்கிறது, ஆட்டுப் பாதை. வான் அந்தப் பக்கம் போனதைக் கண்டேன். மூச்சு வாங்க வாங்க ஏறினேன். மேலே ஒரு கொட்டில் வீடு இருக்கும், அதற்கு முன்னால் வான் நிற்கும், கதவைத் தட்டுவேன், அவள் திறப்பாள் என்று என்ன சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் இங்கிலீஷில் பாடமாக்கிக்கொண்டு போனேன். மேலே ஏறினால் வீடும் இல்லை, ஒன்றும் இல்லை. புல்லு. கீழே கடல்.

கடல் இல்லை. அதுதான். கடல் விலகிப் போயிருந்தது. அது கிடந்த இடத்தில் கல்லு. கறுப்பும் பச்சையுமாய்ப் பாசி பிடித்த கல்லு, கரையில் இருந்து நேரே, வகிடு எடுத்த மாதிரி, கண் எட்டுமட்டும் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளையாய் நுரைக்கிறது. நான் கடலை அவ்வளவு நேரம் பார்த்து எத்தனையோ வருஷம். அந்த வரம்பின் தொங்கலில், கடைசி முனையில், ஒரு சின்ன வள்ளம் கட்டிக் கிடக்கிறது. கிழவன் குனிந்து கூட்டைப் பார்க்கிறான். இன்னும் தள்ளி ஒரு ஆள், காற்சட்டையை மடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, ஒரு காலை மடக்கி நிற்கிறார். முகம் தெரியத் தேவையில்லை பிள்ளை. அப்படி நிற்கிற ஆளைத்தான் நான் கட்டினது.

பெண்ணொருத்தியாய் இருந்திருந்தால் கொண்டையைப் பிடித்திருப்பேன். கல்லோடு என்ன சண்டை பிடிப்பது?

அப்போதுதான் சட்டி ஞாபகம் வந்தது. சட்டியை ஏன் அவர் நிமிர்த்தி வைத்தார் என்று அந்த இடத்தில் நிற்கும்போதுதான் விளங்கியது. காலையில் நான் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அவர் அந்தக் கல்லில் நிற்க, நான் என் கையாலேயே கவிழ்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். என்னை அதைச் செய்ய வைத்திருக்கிறார். எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஒரு சப்பாத்து கழன்று விழுந்தது, எடுக்கவில்லை. வீட்டுக்குள் ஓடிப் போய்ப் பார்த்தால் எல்லாச் சட்டியும் நிமிர்ந்து கிடக்கிறது. காலையில் கவிழ்த்தேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் தலைதான் குழம்பிவிட்டது என்று கதிரையில் இருந்துவிட்டேன்.

பின்னேரம் வந்தார். குளித்து, தலை சீவி. ஒரு காலில் சப்பாத்தோடு இருந்த என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கிழங்கு எங்க?" என்று கேட்டேன்.

வானுக்குள் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"கல்லில நிண்டதைக் கண்டனான்."

தொப்பியைக் கழற்றினார். "கடல்ல கால் வைக்கேல்லை பிரகாசி. கடல் விலகித்தான் கிடந்தது. வெறுங் கல்லிலதான் நிண்டனான்."

"அந்தக் கல்லுக்குப் பறந்தோ போனனீங்கள்?"

தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"பிழை இல்லையெண்டால் சட்டியை ஏன் நிமித்தி வச்சனீங்கள்?"

அவர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "பயத்திலதான்" என்றார்.

"பயமெண்டால் ஏன் போறீங்கள்?"

"அங்க நிண்டால் அருளப்பு எண்டு வாய்விட்டுக் கூப்பிடலாம். இந்த வீட்டில அது ஏலாது."

பார்த்தீர்களா பிள்ளை? பார்த்தீர்களா? என் தம்பி. நான் ஒக்கலையில் தூக்கி வளர்த்தவன். அவனை எனக்குத் தெரியாமல் கொண்டுபோய் அந்தக் கல்லில் வைத்துக்கொண்டு, இவர் பதினைந்து நாளுக்கு ஒருதரம் போய்க் கூப்பிட்டுக் கதைத்துவிட்டு வருகிறார். நான் இங்கே கிழங்கு வெட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு வார்த்தை எனக்குச் சொன்னாரா? நானும் வருகிறேன் என்றா சொல்லியிருப்பேன்? சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் கேட்டிருக்கலாம்தானே.

அதைவிட, ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாது. அவர் குளித்தது எம்லின் வீட்டில். சவர்க்காரம் கிழவனுடைய சவர்க்காரம். பிடித்த சிங்கிறாலில் அவருடைய பங்கைத் தபால்காரிக்குக் கொடுத்திருக்கிறார், கோயில் பாதருக்குக் கொடுத்திருக்கிறார், நெரிஸ் வீட்டில் வாரக் கடைசியில் அவித்துத் தின்றிருக்கிறார்கள். சிங்கிறால் கறி எனக்கு எவ்வளவு விருப்பம் என்று அவருக்குத் தெரியும். எனக்கு ஒரு கால்கூட வரவில்லை. ஊர் தின்றது, நான் ஐஸ் மீன் தின்றேன்.

இரண்டு கிழமை நான் அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. இனிப் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். கண்டுபிடித்த பிறகும் போவாரா? இன்று காலையில் எழும்பிக் குசினிக்குள் போகிறேன். எல்லாச் சட்டியும் நிமிர்ந்து கிடக்கிறது.

வருஷத்திலேயே பெரிய வற்று இன்றைக்குத்தானாம். பல வருஷமாய்த் தெரியாத கல்லெல்லாம் இன்றைக்குத் தெரியுமாம். கடையில் எல்லாரும் கதைத்தார்கள். போய்விட்டார். ஒளித்துக்கூடப் போகவில்லை, கிழங்கு வாங்கப் போகிறேன் என்று சொல்லக்கூட இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொன்றாய் எடுத்துக் கவிழ்த்தேன். சோற்றுப் பானை, கறிச்சட்டி, தாச்சி, கேத்தல் மூடி, தேத்தண்ணிக் கோப்பை, பூனைக்குப் பால் வைக்கிற தட்டு. ஒன்றும் விடவில்லை. வந்து பார்க்கட்டும், நான் இல்லாத வீட்டில் சட்டிகள் சொல்லட்டும் என்று. பிறகு கோட்டு இரண்டையும் மடித்து வைத்து, சூட்கேசை இழுத்துக்கொண்டு வந்து ரெயில் ஏறினேன்.

இப்போது எந்த இடத்தில் போகிறோம்? புல்லு முனை ஒன்று தெரிகிறதா, ஆடு மேய்கிறதா? அதுதான். நான் திரும்பமாட்டேன். நீங்கள் சும்மா ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கோ. கல்லு தெரிகிறதோ? நீட்டுக்கா? ம். எவ்வளவு தூரம்? இன்னுமா போகிறது. ஆள் தெரிகிறதோ? எனக்கென்ன, கேட்டு வைக்கிறேன்.

ஒருத்தரா?

நல்லாய், வடிவாய்ப் பாருங்கோ. இரண்டு பேராய் இருக்கும். ஒருத்தர் குனிந்திருப்பார், கல்லுப் போலத்தான் தெரியும். ஒருத்தர்தானா. வள்ளம்? கட்டிக் கிடக்கிறது. வள்ளத்துக்குள்ளும் ஆள் இல்லையா. மற்ற ஆள் எங்கே போனான்?

கல்லு மறைந்துவிட்டதா? சரி. ரெயில் நிற்கத்தான் போகிறது. இங்கே ஒற்றைத் தண்டவாளம், எதிர் ரெயில் வருமட்டும் இந்த ஸ்டேஷனில் காத்து நிற்கும். இதற்குப் பிறகு கொஞ்சத் தூரந்தான், உள்ளே திரும்பிவிடும். பிறகு பர்மிங்காம் வரைக்கும் புல்லும் ஆடும்தான். நிம்மதி.

பிள்ளை, உங்கள் போனை ஒருக்காத் தருவீர்களா? என்னுடையதை நிறுத்தி வைத்திருக்கிறேன், திறந்தால் அவர் கோல் எடுப்பார். நம்பர் பாடம். இல்லை, நீங்களே கதையுங்கோ, உங்களுடைய இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ். நான் கதைத்தால் அழுகிறேன் என்று நினைப்பாள். நெரிஸிடம் சொல்லுங்கோ, பிரகாசி வீட்டுக் குசினிக்குள் போய் எல்லாச் சட்டியையும் நிமிர்த்தி வைக்கட்டாம். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டாம். கோப்பையும் என்று சொல்லுங்கோ. பூனைத் தட்டும்.

சத்தத்தைக் கூட்டி வையுங்கோ, எனக்கும் கேட்கட்டும்.

என்ன சொல்கிறாள்?

நிமிர்த்திவிட்டாளா? எப்போது? நான் வெளிக்கிட்ட கையோடேயா? ஒவ்வொரு தரமுமா? நான் கடைக்குப் போனதும் இவள் திறப்பைப் போட்டு உள்ளே வந்து... செபமாலை சொல்லி வைத்தாராம். என் மனுஷி கவிழ்த்துவிடுவாள், நீ போய் நிமிர்த்திவிடு என்று. முதல் நாளில் இருந்தேயாம். கேட்டீர்களா பிள்ளை? என் குசினிக்குள், என் சட்டியை, என் பக்கத்து வீட்டுக்காரி. நான் பைத்தியம் என்று அழுதபோது பிஸ்கட் எடுத்துத் தந்தவள். ஒரு ஊரே சேர்ந்து எனக்குப் பின்னால் சட்டி நிமிர்த்தியிருக்கிறது.

கேளுங்கோ அவளிடம், எம்லின் எங்கே என்று.

அவள் வீட்டிலா? முழங்கால் வீக்கமா? தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறானா. அப்போ இவர் தனியப் போயிருக்கிறார். கிழவனுடைய வள்ளத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு தனிய. வற்று திரும்பினால் அந்தக் கல்லில் தண்ணீர் எவ்வளவு கெதியாய் ஏறும் என்று கிழவனே சொல்லியிருக்கிறான். தெரிந்துதானே போனார். தெரிந்தவருக்கு நான் என்ன செய்ய.

இன்னும் ஒன்று கேளுங்கோ. கடைசி. தேங்காய்ப்பால் சட்டியையும் நிமிர்த்தினாளா என்று கேளுங்கோ. சின்னது, மண்சட்டி. கழுவு தொட்டிக்குக் கீழே, திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும். அதையும் கவிழ்த்தேன், நல்ல ஞாபகம்.

காணவில்லையாமா? அவளுக்கு எப்படித் தெரியும், அது எங்கள் வீட்டுச் சட்டி. அம்மா தந்தது. அருளப்புவுக்குப் பால்கஞ்சி காய்ச்சினது அதில்தான். இப்போது போய்ப் பார்க்கட்டும் என்று சொல்லுங்கோ. ஓடிப் போகட்டாம். சரி, வையுங்கோ. வையுங்கோ பிள்ளை. அவள் போவாள். ஆனால் அவளுக்கு அந்தத் திரைச்சீலை விளங்காது, கீழே குனிய இடுப்பும் ஏலாது. ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டு நிமிர்த்தினேன் என்று சொல்லிவிடுவாள். இவ்வளவு பொய் சொன்னவள்.

அந்தச் சூட்கேசை ஒருக்கா இறக்கித் தாருங்கோ. இல்லை, அந்தப் பச்சைப் பொத்தானை அமத்தினால் கதவு திறக்கும். அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு வரத்தான் போகிறேன். எடுத்துக்கொண்டு பின்னேர ரெயிலில் அக்காவிடம் போய்விடுவேன். அம்மா தந்த சட்டியை அப்படிக் கவிழ்த்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வேறு ஒன்றுக்கும் இல்லை. நீங்கள் அந்த ரோல்சைச் சாப்பிடுங்கோ, அம்மாவிடம் பொய் சொல்லாதேயுங்கோ.

எதிர்ப்பக்க ரெயில் வந்தால்தான் நான் திரும்பிப் போகலாம். அதுமட்டும் இந்த மேடையில் இருக்க வேண்டும். பாருங்கோ, உட்கார ஒரே ஒரு வாங்குதான் போட்டிருக்கிறார்கள். அதையும் கடலைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது, நிற்க ஏலாது. இருக்கத்தானே வேணும்.